கை காட்டியும் நிற்காமல் போன வண்டி

வாசகர் கேள்வி:

ஐயா, எனக்கு வயது 20. சேரன்மகாதேவி பக்கம் ஒரு கிராமம். டிப்ளமோ முடித்துவிட்டு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் படித்து வருகிறேன். ஆனித் தேரோட்டத்துக்குப் போய்விட்டு, இரவு பத்தரை மணிவாக்கில், நண்பனைப் பாளையங்கோட்டையில் அவன் வீட்டில் விடுவதற்காக என் தாய்மாமாவின் பைக்கில் திருநெல்வேலி டவுனிலிருந்து வந்துகொண்டிருந்தேன். வண்ணாரப்பேட்டையில் வாகனச் சோதனை நடந்தது. ஒரு காவலர் டார்ச் அடித்துக் கை காட்டினார். லைசென்ஸ் கையில் இருந்தது. ஆனால் இருவருக்கும் ஹெல்மெட் இல்லை, வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிந்திருந்தது. வேகத்தைக் குறைத்தவன், பயத்தில் மறுபடியும் ஆக்சிலரேட்டரை முறுக்கிவிட்டேன். அந்தக் காவலர் ஹேண்டில்பாரைப் பிடிக்கக் கை நீட்டினார், பிறகு விலகிக் குதித்தார். வண்டியின் கிராஷ் கார்டு இரும்புத் தடுப்பில் உரசி, தடுப்பு சாய்ந்தது. கொஞ்ச தூரம் எதிர்த்திசையில் ஓட்டி ஒரு சந்துக்குள் போய்விட்டேன். மூன்றாம் நாள் வண்டி எண்ணை வைத்து மாமாவைத் தேடி வந்துவிட்டார்கள். வரும் வியாழக்கிழமை ஆஜராகும்படி என் பெயருக்கு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். அதில் பி.என்.எஸ். 281, 125, 132, மோட்டார் வாகனச் சட்டம் 179, 184 என்று எழுதியிருக்கிறது. “வண்டி அன்னைக்குக் களவு போயிட்டுன்னு ஒரு புகார் குடுத்திருவோம்ல” என்கிறார் மாமா. ஃபைன் கட்டினால் முடிந்துவிடும் என்கிறான் ஒரு நண்பன். போலீசிடமிருந்து தப்பி ஓடினால் ஐந்து வருடம் ஜெயில் என்று இன்டர்நெட்டில் பார்த்ததாகச் சொல்கிறான் இன்னொருவன். நான் ஜெயிலுக்குப் போக வேண்டுமா? போலீஸ் வேலைக் கனவு அவ்வளவுதானா?

வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதியிருக்கிறீர்கள். இப்படி எழுதினால்தான் பயன்படும்படி பதில் சொல்ல முடியும். முதலில் அந்த ஐந்து வருடத்தைப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவின் பல மாநிலங்களில், நிறுத்தச் சொல்லும் காவலரிடமிருந்து வண்டியில் தப்பிச் செல்வதே ஒரு தனிக் குற்றம். அதற்கென்று தனிச் சட்டப்பிரிவும் கடுமையான தண்டனையும் அங்கே உண்டு. உங்கள் நண்பர் படித்தது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். நம் நாட்டில் அப்படி ஒற்றைப் பிரிவு கிடையாது. நிற்காமல் போனது, போகும்போது வண்டியை ஓட்டிய விதம், எதிரில் நின்ற காவலருக்கு நேர்ந்தது, பொதுச் சொத்துக்கு ஏற்பட்ட சேதம் என ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிரிவாக எடுத்து, அவற்றைச் சேர்த்துத்தான் ஒரு வழக்கை இங்கே கட்டுகிறார்கள். ஆகவே ‘நிற்காமல் போனதற்கு என்ன தண்டனை’ என்று கேட்பதைவிட, நோட்டீஸில் உள்ள ஐந்து பிரிவுகளில் எது கனமானது, அது உங்கள் மீது நிற்குமா என்று கேட்பதே சரியான கேள்வி.

நிறுத்தச் சொல்லியும் நிற்காததற்கு நேரடியாகப் பொருந்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 179ஆம் பிரிவு. அதிகாரம் பெற்றவர் சட்டப்படி இட்ட கட்டளையை மனமறிந்து மீறினால் ரூ.2,000 வரை அபராதம் என்கிறது அது. 2019 திருத்தத்துக்கு முன்பு இந்தத் தொகை ரூ.500 மட்டுமே. எதிர்த்திசையில் ஓட்டியது 184ஆம் பிரிவின் கீழ் அபாயகரமான ஓட்டுதலுக்குள் வருகிறது. முதல் தடவை என்றால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். பி.என்.எஸ். என்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா. அதன் 281, பழைய சட்டத்தின் 279; பொது வழியில் கண்மூடித்தனமாக ஓட்டியதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ரூ.1,000 வரை அபராதம் அல்லது இரண்டும். பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து விளைவிப்பதைச் சொல்லும் 125ஆம் பிரிவுக்கு, யாருக்கும் காயம் ஏற்படாத நிலையில் மூன்று மாதம் வரை சிறை அல்லது ரூ.2,500 வரை அபராதம் அல்லது இரண்டும். இந்த நான்கும் ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள். முதல் தடவையாக வரும் இளைஞர்கள் இவற்றுக்காக மட்டும் சிறைக்குச் செல்வது அரிது. ஹெல்மெட்டும் இன்சூரன்ஸும் இவற்றுக்குக் கீழே நிற்பவை. ஹெல்மெட் இல்லாததற்கு ரூ.1,000 அபராதமும் மூன்று மாத உரிமத் தகுதியிழப்பும், இன்சூரன்ஸ் இல்லாததற்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது ரூ.2,000 அபராதம் அல்லது இரண்டும் சட்டத்தில் உள்ளன. நின்றிருந்தால் சலானோடு வீட்டுக்குப் போயிருப்பீர்கள் என்பது இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். அதை நீட்டிச் சொல்லப் போவதில்லை.

எஞ்சியிருக்கும் 132ஆம் பிரிவுதான் உங்கள் வழக்கே. அரசு ஊழியர் ஒருவரை அவருடைய கடமையைச் செய்யவிடாமல் தடுக்கும் நோக்கத்தோடு தாக்குவது அல்லது அவர் மீது குற்றமுறு வன்முறையைப் பயன்படுத்துவது என்பது அதன் சாரம். பழைய சட்டத்தில் 353 என்று ஸ்டேஷன் வட்டாரத்தில் எல்லோர் வாயிலும் புழங்கிய பிரிவு. இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. ஜாமீனில் விட முடியாத குற்றம். வண்டி நிற்காமல் போன வழக்குகளில் காவலர் ஒருவர் விலகிக் குதித்திருந்தாலே இந்தப் பிரிவு எஃப்.ஐ.ஆரில் ஏறிவிடுவதைப் பரவலாகப் பார்க்கிறோம். ஏறுவது எளிது, நிரூபிப்பது அவ்வளவு எளிதல்ல.

உங்கள் கடிதத்தில் அரை வரியில் கடந்துபோன இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். காவலர் எங்கே நின்றார்? தடுப்புக்கு முன்னாலா, பக்கவாட்டிலா? நீங்கள் ஆக்சிலரேட்டரை முறுக்கியபோது அவர் வண்டியின் பாதையில் இருந்தாரா, அல்லது முறுக்கிய பிறகு ஹேண்டில்பாரைப் பிடிக்கப் பாதைக்குள் வந்தாரா? அவர் கை வண்டியில் பட்டதா? நீங்கள் ஹேண்டிலை அவர் பக்கம் திருப்பினீர்களா, அவரை விட்டு விலகித் திருப்பினீர்களா? கிராஷ் கார்டின் எந்தப் பக்கம் தடுப்பில் உரசியது? காவலர் இடப்பக்கம் நின்றிருக்க, உரசல் வலப்பக்கம் இருந்தால், அவரை விட்டு விலகப் பார்த்துத்தான் நீங்கள் தடுப்பில் மோதினீர்கள் என்று அந்த உரசலே சொல்லும். தப்பிப்பதற்காக ஓட்டியவனும் மோதுவதற்காக ஓட்டியவனும் சட்டத்தின் கண்ணில் ஒருவரல்லர். ஆனால் எதிர்த்தரப்பு வாதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒருவருக்கு அச்சம் உண்டாகும் என்று தெரிந்தே செய்த செயலும் ‘தாக்குதல்’ என்ற வரையறைக்குள் வரும்; ஆள் நிற்கிறார் என்று தெரிந்து வேகத்தைக் கூட்டியவனுக்கு அது தெரியாமல் இருக்குமா என்று அரசு வழக்கறிஞர் கேட்பார். அந்தக் கேள்விக்கு வாய் வார்த்தையால் பதில் சொல்ல முடியாது. கேமராப் பதிவும் வண்டியில் உள்ள தடயமும்தான் சொல்ல வேண்டும்.

வண்ணாரப்பேட்டைப் பகுதியில் சாலைக் கேமராக்கள் மட்டுமன்றி, கடைகளும் ஓட்டல்களும் சொந்தமாக வைத்திருக்கும் கேமராக்களும் உண்டு. இவற்றின் பதிவுகள் சில வாரங்களில் தாமாகவே அழிந்து, மேலே புதிய பதிவு ஏறிவிடும். ஆகவே உங்கள் வக்கீல் செய்ய வேண்டிய முதல் வேலைகளில் ஒன்று, அந்த இரவின் பதிவைப் பாதுகாக்கும்படி விசாரணை அதிகாரிக்கு எழுத்து மூலம் கடிதம் கொடுப்பது; அதற்குப் பயன் இல்லையெனில் பி.என்.எஸ்.எஸ். எனப்படும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94ஆம் பிரிவின் கீழ் அதை வரவழைக்கும்படி நீதிமன்றத்தில் மனுச் செய்வது. பதிவு நமக்கு எதிராக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று உங்கள் மாமா கேட்கக்கூடும். எதிராக இருந்தால் அது ஏற்கெனவே போலீசார் கையில் இருக்கும். சாதகமாக இருந்தால் மட்டுமே அது காணாமல் போகும் வாய்ப்பு அதிகம். அந்தக் காவலர் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சிகிச்சை பெற்றாரா, விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் முக்கியம். சிராய்ப்பு என்று ஒரு வரி இருந்தாலும் பிரிவுகள் மாறும். அரசு ஊழியருக்குக் காயம் விளைவித்ததாகச் சொல்லும் 121ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை போகும்.

இன்னொரு ஆபத்து நோட்டீஸில் இன்னும் எழுதப்படவில்லை, எழுதப்படக் கூடும். சாய்ந்த தடுப்பு அரசுச் சொத்து. 1992ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டத்தை, நம் மாநிலத்தில் தடுப்போ கண்ணாடியோ உடைந்தால் உடனே சேர்ப்பது வழக்கம். அதன் 3ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. வேண்டுமென்றே அல்லது சேதம் வரும் என்று தெரிந்தே செய்ததாகக் காட்டினால்தான் அது நிற்கும். எனினும் அந்தத் தடுப்பு வளைந்ததா, சும்மா சாய்ந்து நிமிர்த்தப்பட்டதா என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். வளைந்திருந்தால், சரிசெய்யும் தொகையை நீதிமன்றத்தில் கட்டத் தயார் என்று ஜாமீன் மனுவிலேயே சொல்லிவிடுவது நல்லது. நீதிபதிகள் அதைக் கவனிக்கிறார்கள்.

இனி உங்கள் மாமாவின் யோசனைக்கு வருகிறேன். அக்கா மகன் மேல் உள்ள பாசத்தில் சொல்கிறார் என்பது புரிகிறது. ஆனால் இந்தக் கடிதத்தில் உள்ள எல்லாவற்றிலும் ஆபத்தானது அதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 133ஆம் பிரிவின்படி, ஓட்டியவர் யார் என்று போலீசார் கேட்டால் உண்மையைச் சொல்லும் கடமை வண்டியின் உரிமையாளருக்கு உண்டு. பொய்யான தகவல் கொடுத்தால் 179ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் அவருக்கே ஒரு மாதம் வரை சிறை காத்திருக்கிறது. களவு போனதாகப் பொய்ப் புகார் கொடுத்தால் பி.என்.எஸ். 217, குற்றவாளியைக் காப்பாற்றப் பொய்த்தகவல் தந்ததாக 238 என்று அவர் மீது தனி வழக்கே எழும்பும். அதுவும் எப்படிப்பட்ட பொய்? மூன்று நாள் கழித்து, போலீசார் வந்து கதவைத் தட்டிய பிறகு கொடுக்கும் களவுப் புகார். அன்றிரவு உங்கள் இருவரின் செல்போனும் எந்த டவரில் இருந்தது என்று ஒரே நாளில் எடுத்துவிடக்கூடிய காலத்தில். இன்று உங்கள் மீது இருப்பது பயந்து ஓடிய ஒரு இளைஞனின் வழக்கு. அந்தப் புகார் போன நிமிடமே அது திட்டமிட்டு ஏமாற்றும் ஒரு குடும்பத்தின் வழக்காகிவிடும். பயத்துக்கு இரங்கும் நீதிபதி பொய்க்கு இரங்க மாட்டார்.

அதே காரணத்துக்காக, வண்டியைத் தொடாதீர்கள். கிராஷ் கார்டை மாற்றுவது, உரசலுக்குப் பெயின்ட் அடிப்பது, வண்டியை வேறு ஊர்ச் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் நிறுத்துவது, யாரிடமாவது விற்பது எதுவும் வேண்டாம். போலீசார் வண்டியைக் கைப்பற்றி மோட்டார் வாகன ஆய்வாளரிடம் அனுப்பிச் சோதனைச் சான்று வாங்குவார்கள். மேலே சொன்னபடி அந்த உரசல் உங்களுக்கே சாட்சியாகவும் அமையலாம். வண்டியை எடுத்துச் சென்றால் பதறவும் வேண்டாம். நீதித்துறை நடுவர் முன்பு உரிமையாளர் மனுப் போட்டால், பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு இடைக்காலமாக ஒப்படைப்பது வழக்கமான நடைமுறை. அதற்குள் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் வண்டியைத் தெருவில் இறக்க முடியாது.

வியாழக்கிழமை கட்டாயம் போங்கள். உங்களுக்கு வந்திருப்பது பி.என்.எஸ்.எஸ். 35(3) நோட்டீஸ் என்றே தெரிகிறது. இப்போதைக்குக் கைது தேவையில்லை என்று போலீசார் கருதும்போதுதான் இதைக் கொடுப்பார்கள். சொன்ன நாளில் ஆஜராகி ஒத்துழைக்கும்வரை, காரணத்தை எழுத்தில் பதிவுசெய்யாமல் உங்களைக் கைது செய்யக் கூடாது என்பது அந்தப் பிரிவே தரும் பாதுகாப்பு. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் வகுத்ததும் இதனோடு சேர்ந்தது. போகாமல் இருந்தால் அந்தப் பாதுகாப்பை நீங்களே கைகழுவுகிறீர்கள். ஏற்கெனவே ஒருமுறை நிற்காமல் போனவர் என்ற பெயரும் உங்களுக்கு இருக்கிறது. வக்கீலோடு போங்கள். 132 ஜாமீனில் விட முடியாத பிரிவு என்பதாலும், மேலும் பிரிவுகள் சேரலாம் என்பதாலும், முன்ஜாமீன் மனுவைத் தயாராக எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நிலைமை மாறுவதாகத் தெரிந்தால் பாளையங்கோட்டையில் உள்ள மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் அன்றே தாக்கல் செய்யலாம். அங்கே கிடைக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகலையும் முன்கூட்டியே எடுத்துப் படித்துவிடுங்கள். சில விதிவிலக்கான வழக்குகள் தவிர, பதிவான 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டிருக்கிறது. காவலர் கொடுத்த புகாரில் ‘என் மீது மோதுவது போல் வந்தான்’ என்று இருக்கிறதா, ‘என் மீது மோதினான்’ என்று இருக்கிறதா என்பதை அங்கேதான் பார்க்க முடியும்.

ஸ்டேஷனில் என்ன சொல்வது? ஓட்டியவர் நீங்கள்தான் என்பதை மறைக்க வழியும் இல்லை, அவசியமும் இல்லை. அதற்கு மேல், உங்களையே குற்றத்தில் சிக்கவைக்கும் பதிலைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அரசியலமைப்பின் 20(3)ஆம் கூறின்படி உங்களுக்கு இல்லை. போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதலை உங்களுக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றத்தில் பயன்படுத்த முடியாது. விசாரணையில் எழுதும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதும் இல்லை. வெற்றுத் தாளில் போடவே கூடாது. மரியாதையாக இருங்கள், குறைவாகப் பேசுங்கள், கேட்காததைச் சொல்லாதீர்கள்.

‘இருட்டில் போலீஸ் என்று தெரியவில்லை, யாரோ ரவுடிகள் மறிக்கிறார்கள் என்று நினைத்தேன்’ என்று சொல்லலாமே என யாராவது உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். 179ஆம் பிரிவில் ‘மனமறிந்து’ என்ற சொல் இருப்பதால், உண்மையிலேயே தெரியாமல் போனவருக்கு அது நல்ல வாதம். தனி ஆளாக, சீருடை இல்லாமல், ஊருக்கு வெளியே வெளிச்சமில்லாத ரோட்டில் ஒருவர் மறித்திருந்தால் நானே அதை எடுத்து வைத்திருப்பேன். ஆனால் தடுப்பு போட்டு, டார்ச்சோடு, வண்ணாரப்பேட்டை வெளிச்சத்தில் நின்றவர்களைப் பார்த்து, இன்சூரன்ஸ் இல்லையே என்று பயந்து போனதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வாதம் அதுவல்ல. அதேபோல், 184இல் வழக்குப் போடப் போவதாகச் சம்பவத்தின்போதே எச்சரித்திருக்க வேண்டும், அல்லது 14 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அல்லது 28 நாளுக்குள் சம்மன் கையில் கிடைத்திருக்க வேண்டும், இல்லையேல் தண்டிக்க முடியாது என்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 209ஆம் பிரிவைச் சிலர் பெரிய துருப்பாகக் காட்டுவார்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் நடத்தையே அந்தத் தாமதத்துக்குக் காரணமாக இருந்தால் அந்தச் சலுகை இல்லை என்று அதே பிரிவின் கீழே எழுதியிருக்கிறது. நிற்காமல் ஓடியவருக்கு அது பெரிதாக உதவாது.

நம் ஊரில் இரவுச் சோதனை ஏன் இவ்வளவு கெடுபிடியாக இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். பைக்கில் அரிவாளோடு போய் வெட்டிவிட்டு வந்த வழக்குகளை இங்குள்ள நீதிமன்றங்களில் ஆண்டு முழுவதும் பார்க்கிறோம். தடுப்பில் நிற்கும் காவலருக்கு, ஹெல்மெட் இல்லாமல் பயந்து ஓடும் பையன் யார், இடுப்பில் ஆயுதத்தோடு ஓடுபவன் யார் என்று முகத்தைப் பார்த்துத் தெரியாது. அதற்காக விரட்டிப் போய் விழத்தட்டுவதை நான் நியாயப்படுத்தவில்லை. 2018 மார்ச் மாதம் திருச்சியை அடுத்த துவாக்குடியில், ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன ஒரு தம்பதியின் பைக்கை ஆய்வாளர் துரத்திச் சென்று உதைத்ததில், பின்னால் இருந்த மனைவி விழுந்து இறந்தார். அந்த ஆய்வாளர் கைது செய்யப்பட்டார். அன்றிரவு உங்கள் பின்னாலும் ஒரு நண்பன் இருந்தான்.

அந்த நண்பனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் சாட்சியாகலாம், அவரிடம் ‘இப்படிச் சொல், அப்படிச் சொல்லாதே’ என்று பேசாதீர்கள், வாட்ஸ்அப்பில் எழுதவே எழுதாதீர்கள். அன்றைய இரவைச் சாகசமாகச் சித்திரித்து யாராவது ஸ்டேட்டஸ் வைத்திருந்தால், அதை என்ன செய்வது என்று உங்கள் வக்கீலைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள். அழிப்பதும் தடயத்தை அழித்ததாகப் பார்க்கப்படலாம்.

‘ஃபைன் கட்டினால் முடிந்துவிடும்’ என்ற யோசனையில் பாதி சரி, பாதி பெரிய கண்ணி. ஹெல்மெட், இன்சூரன்ஸ் போன்றவற்றுக்குத் தனியாக இ-சலான் வந்தால் கட்டிவிடுங்கள். இணக்கத் தொகை கட்டித் தீர்ப்பது தண்டனை பெற்றதாகாது. ஆனால் குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு, நீதித்துறை நடுவர் முன்பு நின்று ‘குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்’ என்று சொல்லி ஆயிரம் ரூபாய் கட்டுவது வேறு விஷயம். அது குற்றத்தீர்ப்பு. வாய்தாவுக்கு அலைய முடியாது, ஒரே நாளில் முடிந்துவிடும் என்று வளாகத்து மரத்தடியில் யாராவது சொன்னால் கேட்டுவிடாதீர்கள். வேறு வேலைக்குப் போகும் ஒருவருக்கு 281இல் ஆயிரம் ரூபாய் கட்டிவிட்டுப் போவது தாங்கக்கூடிய முடிவாக இருக்கலாம். காக்கிச் சட்டைக்கு விண்ணப்பிக்கப் போகும் உங்களுக்கு அது தாங்காது.

காரணம், காவல் சார்நிலைப் பணிக்கான சிறப்பு விதிகளில் 14ஆம் விதி மிகக் கடுமையானது. முன்நடத்தைச் சரிபார்ப்பின்போது குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர் என்று தெரிந்தால் நியமனம் கிடையாது. விடுதலை ஆகிவிட்டாலும், அது சந்தேகத்தின் பலனை அளித்தோ, சாட்சி பிறழ்ந்ததாலோ வந்த விடுதலை என்றால், வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதுவார்கள். சரிபார்ப்பின்போது வழக்கு நிலுவையில் இருந்து, பின்னர் கௌரவமாக விடுதலை ஆனாலோ, ஸ்டேஷன் அளவிலேயே ‘மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்’ (பொருண்மைப் பிழை) என்று முடிக்கப்பட்டாலோ, அதற்கு அடுத்த தேர்வில் கலந்துகொண்டுதான் உரிமை கோர முடியும். இதைப் படித்ததும் உங்களுக்கு மனம் சோர்ந்துவிடும் என்று தெரியும். ஆனால் இந்த விதியைத் தெரிந்துகொண்டு வழக்கை நடத்துவதும் தெரியாமல் நடத்துவதும் ஒன்றல்ல. காவலர் வந்து ‘ஆளை அடையாளம் தெரியவில்லை’ என்று சொல்லிவிட்டால் ஜெயித்துவிட்டதாக மற்றவர்கள் மகிழ்வார்கள். உங்களுக்கு அந்த வெற்றி வேலை தராது. உங்களுக்குத் தேவை, 132 இந்தச் சம்பவத்துக்குப் பொருந்தவே இல்லை என்று கேமராப் பதிவைக் கொண்டு விசாரணை அதிகாரிக்கே காட்டி, குற்றப்பத்திரிகைக்கு முன்பே அந்தப் பிரிவை நீக்க வைக்க முயல்வது, முடியாவிட்டால் பி.என்.எஸ்.எஸ். 528இன் கீழ் மதுரைக் கிளையில் அதை ரத்து செய்யக் கோருவது. இரண்டும் நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. வாய்தா மேல் வாய்தா வாங்கி இழுப்பது மட்டும் உங்கள் வழக்கில் யாருக்கும் நன்மை தராது. உங்களுக்கு வயது ஏறிக்கொண்டே இருக்கும்.

ஒருவேளை வழக்கு நடந்து தண்டனை வரை போனாலும், 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவரைச் சிறைக்கு அனுப்புவதானால் அதற்கான காரணத்தை நீதிமன்றம் எழுத வேண்டும் என்கிறது அதன் 6ஆம் பிரிவு. எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடும்படி கேட்கலாம். அப்படி விடப்பட்டால், தண்டனையால் வரும் தகுதியிழப்பு சேராது என்கிறது 12ஆம் பிரிவு. ஆனால் நடந்த குற்றம் நடக்கவில்லை என்று அது ஆக்கிவிடாது. ஆகவே போலீஸ் வேலையைப் பொறுத்தவரை அதை முதல் வழியாக நினைக்க வேண்டாம்.

எந்த வேலைக்கு விண்ணப்பித்தாலும், ‘உங்கள் மீது வழக்கு உள்ளதா’ என்ற கட்டத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வழக்கு இருந்ததைவிட, மறைத்ததுதான் பலருடைய வேலையைப் பறித்திருக்கிறது. மறைத்தவர்களின் நிலை பற்றி 2016இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு விரிவாக ஆராய்ந்து, அற்பமான வழக்கை மறைத்ததை வேலை கொடுப்பவர் பொறுத்துக்கொள்ளலாம் என்றும், கடுமையான வழக்கை மறைத்தால் நீக்கலாம் என்றும் வகைப்படுத்தியது. உண்மையை எழுதியவரை வேலை கொடுப்பவர் எடுத்தே ஆக வேண்டும் என்றும் அது சொல்லவில்லை. ஆனால் எழுதியவருக்கு வாதாட ஓர் இடம் மிஞ்சும்.

ஓட்டுநர் உரிமம் குறித்துச் சுருக்கமாக: வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 19ஆம் பிரிவின் கீழ் விளக்கம் கேட்டுத் தனி நோட்டீஸ் வரலாம். உங்கள் தரப்பைக் கேட்காமல் உரிமத்தை நிறுத்த முடியாது. நிறுத்தினால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நிறுத்தி வைத்த காலத்தில் மட்டும் வண்டியைத் தொட்டுவிடாதீர்கள்.

‘ஐயாகிட்டப் பேசி முடிச்சுத் தாரேன்’ என்று பணம் கேட்டு யாராவது வீட்டுக்கு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். 132 சமாதானமாகப் பேசித் தீர்க்கக்கூடிய பிரிவு அல்ல. அந்தக் காவலரே மன்னித்தாலும் வழக்கு தானாக முடியாது. கொடுத்த பணமும் போய், இலஞ்சம் கொடுத்தவர் என்ற இன்னொரு தலைவலியும் வரும். வக்கீல் வைக்கப் பணம் இல்லையென்றால், பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியலினத்தவர், காவலில் உள்ளவர்கள், வருமான வரம்புக்கு உட்பட்டவர்கள் ஆகியோருக்கு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

புதன்கிழமைக்குள் எஃப்.ஐ.ஆர். நகல், நோட்டீஸ், உங்கள் உரிமம், வண்டியின் ஆர்.சி., வண்டி இப்போது இருக்கும் நிலையில் தேதி தெரியும்படி நான்கு பக்கமும் எடுத்த புகைப்படங்கள் ஆகியவற்றோடு ஒரு குற்றவியல் வழக்கறிஞரைப் பாருங்கள். மாமாவையும் கூட அழைத்துச் செல்லுங்கள். களவுப் புகார் எழுதித் தரும்படி அவர் வேறு யாரிடமும் போவதற்கு முன், 133ஆம் பிரிவை அந்த வக்கீல் வாயாலேயே அவர் கேட்கட்டும்.